போர் முடிஞ்சுது, சூடு இறங்கலை: திருத்தணி கத்துக்கொடுக்கிற தினசரிப் பழக்கங்கள்

ஓம் சரவணபவ!



நம்ம குரூப்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "மன அழுத்தம் தாங்க முடியலை, எந்தப் பாட்டு படிச்சா குறையும்? எத்தனை நாள் படிக்கணும்?" கேக்கிறவங்க பெரும்பாலும் இருபதுகள்ல இருக்கிறவங்க. காலையில ஸ்டாண்ட்-அப், நடுவுல நாலு மீட்டிங், ராத்திரி கிளையன்ட் கால், மாசம் பொறந்தா இஎம்ஐ. இதுக்கு மேல 48 நாள் பாராயணம்னு இன்னொரு டார்கெட்டையும் தலையில ஏத்திக்கிறாங்க. ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா சாமி குத்தம் ஆயிடுமோன்னு பயம் வேற. பதட்டம் குறையணும்னு ஆரம்பிச்ச விஷயமே பதட்டமா மாறிடுது.

அதனால இந்தப் பதிவுல புதுசா எந்தப் பாராயணமும் சொல்லப் போறதில்லை. திருத்தணியைப் பத்திப் பேசலாம். அந்தத் தலத்தோட கதையை நிதானமா படிச்சாலே, நம்ம நாளை எப்படி எளிமையாக்கிக்கிறதுங்கிறது அதுக்குள்ளயே இருக்கு.

சினம் தணிஞ்ச இடம்

ஆறுபடை வீடுகள்ல அஞ்சாவது திருத்தணி. சென்னையிலேர்ந்து அரக்கோணம் வழியா மின்சார ரயில்லயே போயிடலாம். தணிகைங்கிற பேருக்குச் சொல்லப்படுற காரணம் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சூரபத்மனோட நடந்த போரும், வள்ளிக்காக வேடர்களோட நடந்த சண்டையும் முடிஞ்ச பிறகு முருகனோட சினம் தணிஞ்ச இடம் அது.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. போர் நடந்தது திருச்செந்தூர்ல. சூரன் மாமரமா நின்னான், வேல் பிளந்துச்சு, ஒரு பாதி மயிலாச்சு, இன்னொரு பாதி சேவலாச்சு. நம்ம பாஷையில சொன்னா டிக்கெட் க்ளோஸ். திருப்பரங்குன்றத்துல தெய்வானையோட கல்யாணமும் ஆச்சு. அதுக்கு அப்புறமும் சினம் தணியறதுக்குன்னு தனியா ஒரு மலை வேண்டியிருக்கு. செந்தூர்க் கடற்கரையிலேயே எல்லாம் அடங்கிடுச்சுன்னு யாரும் கதையை முடிக்கலை.

சாமிக்கு எதுக்குக் கோபம், எதுக்குத் தணியணும்னு கேக்கலாம். நமக்காக நடத்தின விளையாட்டுன்னு பெரியவங்க சொல்வாங்க. அப்படின்னா அந்த விளையாட்டுல நமக்கு ஒரு பாடம் இருக்கணும் இல்லையா? வேலை முடியறது வேற, வேலையோட சூடு இறங்கறது வேற. ரெண்டாவதுக்கும் நேரம் ஒதுக்கணும், இடம் ஒதுக்கணும். இதைத்தான் தணிகை சொல்லுதுன்னு நான் எடுத்துக்கிறேன்.

இன்னொரு விஷயம் பாருங்க. ஐப்பசி மாசம் கந்த சஷ்டி ஆறாம் நாள் முருகன் கோயில்கள்ல எல்லாம் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில மட்டும் கிடையாது. அன்னைக்கு அங்க புஷ்பாஞ்சலி. மத்த ஊர்ல வேல் வீசற நேரத்துல இங்க பூவைக் கொட்டுவாங்க. சண்டையை உள்ள கொண்டு வராத ஒரு கோயில் இது. வாகனமா நிக்கிறது கூட மயில் இல்லை, யானை. இந்தத் தலத்துல சந்தனம் ரொம்ப விசேஷம். சந்தனம்னாலே குளிர்ச்சிதானே.

இதை நம்ம வாழ்க்கைக்குத் திருப்பிப் பாருங்க. ஆபீஸ்ல ஒருத்தர் உங்களைப் பத்துப் பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. மீட்டிங் ஆறு மணிக்கு முடிஞ்சுது. ஏழரைக்கு அம்மா "சாப்பிட வாப்பா"ன்னு கூப்பிடறாங்க. "இருங்கம்மா, வரேன்ல"ன்னு ஒரு எரிச்சல் வருது பாருங்க, அந்த எரிச்சல் அம்மா மேல வந்தது இல்லை. செந்தூர் சூட்டைத் தணிகையில இறக்காம நேரா வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம், அவ்வளவுதான். இதனால அடிபடறது யாருன்னா எப்பவும் நம்மளை ரொம்ப நேசிக்கிறவங்கதான். எனக்கு இந்த விஷயத்துல இருக்கிற பெரிய கவலையே இதுதான். மேனேஜர்கிட்ட பொறுமையா பேசற பிள்ளைங்க வீட்டுல பேசறதைக் கேட்டுப் பாருங்க.

வீட்டு வாசல்ல ஒரு தணிகை

முன்னாடி இதுக்குன்னு வழக்கங்கள் இருந்துச்சு. வெளிய போயிட்டு வந்தா வாசல்லயே கை கால் கழுவிட்டுத்தான் உள்ள வரணும். வந்ததும் விபூதி. ஒரு சொம்புத் தண்ணி. அப்புறம்தான் பேச்சு. சுத்தத்துக்காகன்னு நாம நினைச்சோம். சுத்தமும்தான். ஆனா அந்த அஞ்சு நிமிஷத்துல வெளி உலகம் வெளியவே நின்னுடும். இப்ப வீட்டுலேர்ந்தே வேலை. லேப்டாப்பை மூடினா ரெண்டு அடி தள்ளி சாப்பாட்டுத் தட்டு. பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்து வர்ற அந்த முக்கால் மணி நேரமும் போச்சு. அது அலுப்பா இருந்தாலும் சூடு இறங்கறதுக்கு ஒரு வழியா இருந்துச்சு.

அதனால இடைவெளி தானா கிடைக்காது, நாமதான் உண்டாக்கணும். வேலை முடிஞ்சதும் இதைச் செஞ்சு பாருங்க. லேப்டாப்பை மூடுங்க, ஸ்லீப் மோட்ல பாதி திறந்து வைக்காதீங்க. நாளைக்குக் காலையில முதல்ல செய்ய வேண்டிய வேலை எதுன்னு ஒரு பேப்பர்ல ஒரே வரி எழுதி அதுக்கு மேல வெச்சிடுங்க. இல்லைன்னா சாப்பிடும்போது அது மனசுக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். எழுந்து போய்க் கை கால் முகம் கழுவுங்க. விபூதி வெச்சுக்கிட்டு முருகன் படத்து முன்னாடி பத்து நிமிஷம் உக்காருங்க. எதுவும் படிக்க வேண்டாம், எண்ண வேண்டாம், வேண்டிக்கக் கூட வேண்டாம். அந்தப் பத்து நிமிஷம் போன் வேற ரூம்ல இருக்கட்டும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல கால் இருக்கிறவங்க, ஆன்-கால் வாரத்துல மாட்டினவங்க "எங்களுக்கு வேலை முடியறதே இல்லையே"ன்னு சொல்வீங்க. உண்மைதான். அவங்களுக்கு ரெண்டு தணிகை வேணும். சாயந்திரம் ஒண்ணு, கடைசி கால் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் இன்னொண்ணு. நேரா படுக்கைக்குப் போனா உடம்பு படுக்கும், மனசு மீட்டிங்லயே இருக்கும்.

சும்மா உக்காரறதுன்னதும் நிறைய பேருக்கு அது ஏதோ நேரத்தை வீணாக்கற மாதிரி தோணும். திருத்தணியிலேயே இதுக்கு ஒரு அழகான கதை உண்டு. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள்ல ஒருத்தரான முத்துசுவாமி தீட்சிதர் அந்த மலையில கண்ணை மூடித் தியானத்துல உக்காந்திருந்தாராம். ஒரு பெரியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி ஒரு கல்கண்டைப் போட்டுட்டுப் போயிட்டார். கண்ணைத் திறந்து பார்த்தா ஆளைக் காணோம். வந்தது முருகன்தான்னு உணர்ந்து அங்கயே அவர் முதல் கீர்த்தனையைப் பாடினார். "குருகுஹ"ங்கிற அவரோட முத்திரை அங்கதான் ஆரம்பம். அவ்வளவு பெரிய இசைக்கு முன்னாடி இருந்தது ஒரு மனுஷன் அமைதியா உக்காந்திருந்த நேரம். அருணகிரிநாதருக்கும் முருகன் பேச்சை விட்டுச் சும்மா இருக்கச் சொன்னதைத்தானே பெரிய உபதேசமாச் சொல்றாங்க. அவர் அத்தனை திருப்புகழ் பாடினவர். பாடறதும் சும்மா இருக்கறதும் எதிர் எதிர் இல்லை.

ஆறு எழுத்து, ஆறு மூச்சு

சாயந்திரம் வரைக்கும் காத்திருக்க முடியாத கோபங்கள் உண்டு. மெயிலைப் படிச்ச உடனே காது சூடாகும், விரல் கீபோர்டுல ஓடும். பதிலை எழுதுங்க, தப்பில்லை. "டு" கட்டத்துல யார் பேரும் போடாம எழுதுங்க. தெரியாம எண்டர் தட்டினாலும் எங்கயும் போகாது. எழுதி முடிச்சதும் கையை எடுத்துட்டு சரவணபவ சொல்லுங்க. வாயால வேகமா 108 தடவை இல்லை. மூச்சை இழுத்து, விடும்போது "ச". அடுத்த மூச்சுல "ர". அப்படியே வ, ண, ப, வ. இழுக்கறதை விட விடறது கொஞ்சம் நீளமா இருக்கட்டும்.

ஒரு மூச்சுக்குப் பத்து செகண்டுன்னு வெச்சா ஆறு எழுத்துக்கு ஒரு நிமிஷம். நிமிஷத்துக்கு ஆறு மூச்சுங்கிறது மூச்சுப் பயிற்சியைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க நிறைய பயன்படுத்தற வேகம். மூச்சை மெதுவா விடும்போது வேகஸ் நரம்பு வழியா இதயத் துடிப்பு இறங்கும், உடம்பு "ஆபத்து இல்லை"ங்கிற நிலைக்குத் திரும்பும். நம்ம சடாட்சரத்துக்கும் அந்த வேகத்துக்கும் கணக்கு இப்படிப் பொருந்தி வர்றது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். இதை வெச்சு "அன்னைக்கே நம்ம முன்னோர் சயின்ஸ் கண்டுபிடிச்சுட்டாங்க"ன்னு மெசேஜ் போட வேண்டாம். பொருந்துது, சந்தோஷம், செய்வோம். அவ்வளவு போதும்.

அந்த ஒரு நிமிஷத்துக்கு அப்புறம் எழுதினதைப் படிச்சுப் பாருங்க. பாதி வரியை நீங்களே அழிச்சிடுவீங்க.

உடம்புல தங்கற டென்ஷனுக்கு ஏற்கனவே நம்மகிட்ட இருக்கிற ஒரு பொருளையே சரியா பயன்படுத்தலாம், கந்த சஷ்டி கவசம். தேவராய சுவாமிகள் அதுல தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பாச் சொல்லி, வேல் காக்கட்டும்னு கேக்கிறார். தோள் வருது, பிடரி வருது, விலா, வயிறு எல்லாம் வருது. எட்டு மணி நேரம் ஸ்கிரீனைப் பார்த்து உக்காந்தவங்களுக்குத் தோளும் பிடரியும் கல்லு மாதிரி ஆகியிருக்கும். அந்த இடம் வரும்போது அங்க கவனத்தைக் கொண்டு போய்த் தளர்த்தி விடுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா அதையும் விடுங்க. அப்படி மெதுவா ஒரு தடவை சொல்றது, கையில ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே பத்து தடவை கேக்கறதை விட நல்லதுன்னு நான் நினைக்கிறேன்.

36 முறை ஓதறதைப் பத்தி கவசத்துலயே வருதேன்னு கேப்பீங்க. வருது. நாம வழக்கமாக் கேக்கிற இசைத்தட்டு வேகத்துல ஒரு தடவைக்கு ஏறக்குறைய 20 நிமிஷம். 36 தடவைன்னா 12 மணி நேரம். அதுக்குன்னு நாளை ஒதுக்கி, குருவோ பெரியவங்களோ வழிகாட்ட உக்காந்து பண்றவங்களை வணங்கறேன். ஆனா வேலைக்குப் போற நாள்ல அதைத் திணிச்சு, வார்த்தையெல்லாம் விழுங்கி, எண்ணிக்கையை மட்டும் முடிக்கிறது யாருக்காக? ஒரு தடவை, காது கேக்க, அர்த்தம் புரிய. அதுக்கு முருகன் குறை சொல்ல மாட்டார்.

48 நாள் ஆரம்பிச்சு நடுவுல விட்டுப்போச்சா, மறுநாள் தொடருங்க. இது ஆப்ல வர்ற ஸ்ட்ரீக் இல்லை, ஒரு நாள் தவறினா பூஜ்யத்துக்குப் போறதுக்கு. மாதவிலக்கு நாட்களை விட்டுட்டு எண்ணிக்கையைத் தொடரலாம்னு நிறைய வீட்டுல பெரியவங்களே சொல்வாங்க. அதே மாதிரி "இதை 11 பேருக்கு அனுப்பு, இல்லைன்னா கெட்ட செய்தி வரும்"னு வர்ற மெசேஜ். தயவு செஞ்சு அனுப்பாதீங்க. பயத்தை ஃபார்வர்ட் பண்றது பக்தி ஆகாது. நீங்க டெலீட் பண்ணினா 11 பேரோட ராத்திரித் தூக்கம் மிச்சம்.

போனும் மஞ்சள் துணியும்

பழனியில 2023 அக்டோபர் 1-லிருந்து மலைக்கோயிலுக்குள்ள செல்போனுக்குத் தடை. தமிழ்நாட்டுக் கோயில்கள்ல போனுக்குத் தடை விதிக்கணும்னு 2022 டிசம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்னதைத் தொடர்ந்து வந்தது அது. போனைக் கொடுத்துட்டு வரிசையில நிக்கிறவங்களைக் கவனிச்சுப் பாருங்க. முதல் கால் மணி நேரம் கை தானா பாக்கெட்டுக்குப் போகும். அப்புறம் பக்கத்துல நிக்கிறவங்களோட பேச ஆரம்பிப்பாங்க. குழந்தையைத் தூக்கி ராஜகோபுரத்தைக் காட்டுவாங்க. சன்னிதி கிட்ட வரும்போது கையில படம் எடுக்க எதுவும் இல்லாததால கண்ணால பார்ப்பாங்க. போன் இல்லாத அந்த ரெண்டு மணி நேரத்துல உலகம் ஒண்ணும் நின்னு போயிடலை.

நோட்டிஃபிகேஷன் ஏன் இவ்வளவு சோர்வு தருதுன்னு என் தொழிலை வெச்சே சொல்றேன். கம்ப்யூட்டர்ல ஒரு வேலை ஓடிக்கிட்டு இருக்கும்போது இன்டரப்ட் வந்தா, பிராசஸர் பாதியில விட்ட இடத்தை எல்லாம் பத்திரமா எழுதி வெச்சுட்டு, வந்த வேலையைப் பார்த்துட்டு, திரும்ப எழுதி வெச்சதை எடுத்துப் பழைய வேலையைத் தொடரணும். இதைக் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்னு சொல்வோம். ஒரு தடவை பண்ணினா ஒண்ணும் தெரியாது. விடாம வந்துக்கிட்டே இருந்தா, மாறி மாறிப் போறதுலயே நேரம் போகும், எந்த வேலையும் நகராது. மெஷினுக்காவது விட்ட இடம் சரியா ஞாபகம் இருக்கும். நமக்கு அதுவும் கிடையாது. அதனால குடும்பத்துக்காரங்க கால், ஆபீஸ்ல உண்மையான அவசரம், பேங்க் ஓடிபி, இந்த மூணைத் தவிர மத்த சத்தத்தையெல்லாம் நிறுத்திடுங்க. நம்ம குரூப்பையும் சேர்த்துத்தான் சொல்றேன், மியூட்ல போடுங்க. முருகன் படம் சாயந்திரம் பார்த்தாலும் அதே முருகன்தான்.

காலையில எழுந்ததும் முதல் கால் மணி நேரம் போனைத் தொடாம இருங்க. அலாரத்துக்கு ஒரு சின்ன கடிகாரம் வாங்கிட்டா வேலை முடிஞ்சுது.

அடுத்தது கவலை. "வேலை போயிடுமோ", "அப்பா ரிப்போர்ட்ல என்ன வருமோ", "வரன் அமையுமா". இதெல்லாம் நோட்டிஃபிகேஷன் இல்லாமலே வரும். நம்ம பாட்டிங்க இதுக்கு ஒரு வழி வெச்சிருந்தாங்க. மஞ்சள் துணியில ஒரு காசை முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வெச்சிடுவாங்க. காரியம் முடிஞ்சதும் கோயிலுக்குப் போய் உண்டியல்ல சேர்த்துடுவாங்க. மூடநம்பிக்கைன்னு சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். மனசுக்குள்ள ஓடற ஒரு கவலைக்கு வெளியில ஒரு இடம் கொடுத்து, முடிச்சுப் போட்டு, "இது இப்ப அங்க இருக்கு"ன்னு சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்! நீங்க ஒரு சின்ன மாத்தம் பண்ணிக்கலாம். கவலையை ஒரு சீட்டுல எழுதுங்க. கீழ, இதுல நான் செய்ய முடிஞ்சது எதுன்னு ஒரு வரி. ரெஸ்யூமை அப்டேட் பண்றது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடறது, அந்த மாதிரி. அந்தச் சீட்டையும் காசோட சேர்த்து முடிங்க. எழுதின வேலையை நாம செய்யணும். மிச்சம் அவர் பொறுப்பு. திரும்ப நடுராத்திரியில அது வந்து எழுப்பினா, அது மஞ்சள் துணியில இருக்குன்னு அதுக்கே சொல்லிடுங்க.

கிருத்திகை தோறும் ஒண்ணு குறையட்டும்

விரதம்னாலே நமக்குச் சாப்பாடுதான் ஞாபகம் வரும். மாசத்துல ரெண்டு சஷ்டி, ஏறக்குறைய 27 நாளுக்கு ஒரு தடவை கிருத்திகை. அன்னைக்கு ஒரு வேளை எளிமையாச் சாப்பிடறது நல்ல வழக்கம்தான். சர்க்கரை, அல்சர் இருக்கிறவங்களும், மாத்திரை சாப்பிடறவங்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேக்காம பட்டினி கிடக்க வேண்டாம். பாலும் பழமுமா இருந்தாலும் விரதம் விரதம்தான்.

ஆனா குறைக்க வேண்டியது சாப்பாடு மட்டும் இல்லை. பழனியில ராஜ அலங்காரத்துல நிக்கிற அதே முருகன்தான் கோவணமும் தண்டமுமா ஆண்டிக் கோலத்துலயும் நிக்கிறார். ராஜாவா இருக்கத் தெரிஞ்சவருக்கு ஆண்டியா இருக்கவும் தெரியும். நம்மளால ஒரு நாள் முழுக்க ஷாப்பிங் ஆப்பைத் திறக்காம இருக்க முடியுமா? கிருத்திகை அன்னைக்கு அதைச் செஞ்சு பாருங்க. எதுவும் வாங்கறது இல்லை, கார்ட்ல எதையும் போட்டு வைக்கறதும் இல்லை. அலமாரியிலேர்ந்து போடாத ரெண்டு துணியை எடுத்துத் துவைச்சு யாருக்காவது கொடுங்க. ஓடிடி, ஜிம், மியூசிக் ஆப்னு மாசா மாசம் தானா பணம் எடுக்கிற சந்தா எத்தனை இருக்குன்னு பாருங்க. போன மாசம் தொடாததை நிறுத்துங்க. ஒரு கிருத்திகைக்கு ஒண்ணு போதும். இஎம்ஐ அடைக்கிற அழுத்தத்துக்கு மூச்சுப் பயிற்சியை விட, அடுத்த இஎம்ஐ போடாம இருக்கறது பெரிய மருந்து.

இதையெல்லாம் ஒரே நாள்ல ஆரம்பிக்காதீங்க. திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்தோட நாளுக்கு ஒண்ணுன்னு சொல்வாங்க. டிசம்பர் 31 அன்னைக்கு அங்க திருப்படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் பூஜை பண்ணி, திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறுவாங்க. வெள்ளைக்காரன் காலத்துல புது வருஷத்தன்னைக்கு ஜனங்க பழத்தைத் தூக்கிக்கிட்டு துரைமாரைப் பார்க்கப் போனாங்களாம். அதைப் பார்த்த வள்ளிமலை சுவாமிகள், அவங்களை விடப் பெரிய துரை தணிகைமலையில இருக்கார், முதல்ல அவரைப் பாருங்கன்னு சொல்லி இந்த விழாவை ஆரம்பிச்சு வெச்சார்னு சொல்றாங்க. ஒரு படியையும் தாண்டிக் குதிக்காம, நின்னு நின்னு ஏறற விழா அது. முதல்ல அந்தச் சாயந்திரப் பத்து நிமிஷத்தை மட்டும் எடுத்துக்கோங்க. அது பழகின பிறகு அடுத்தது.

மூச்சு விட்டாச் சரியாகாத விஷயங்கள்

ஒரு விஷயம் சொல்லாம விட்டா இந்தப் பதிவு நேர்மையா இருக்காது. சில அழுத்தம் நம்ம பழக்கத்தால வர்றது இல்லை. ரெண்டு பேர் வேலையை ஒருத்தர் தலையில கட்டினா, லீவு நாள்லயும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, அதுக்குப் பதில் விபூதி இல்லை. முருகன் சூரனைப் பார்த்துட்டுத் தியானத்துல உக்காந்துடலை. போருக்கு முன்னாடி வீரபாகுவைத் தூது அனுப்பினார். முதல்ல பேச்சு. அதனால நீங்களும் பேசுங்க. புலம்பலா இல்லாம கணக்காப் பேசுங்க. இந்த வாரம் இத்தனை மணி நேரம், இத்தனை டாஸ்க், இதுல எதை முதல்ல முடிக்கணும், எதைத் தள்ளி வைக்கலாம்னு எழுத்துல கேளுங்க. தூது பலிக்கலைன்னா வேற டீம், வேற வேலைன்னு பார்க்கிறது ஓடி ஒளியறது ஆகாது.

அதே மாதிரி வாரக்கணக்கா தூக்கம் வரலை, எதுலயும் பிடிப்பு இல்லை, இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுதுன்னா டாக்டரைப் பாருங்க. டெலி-மானஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண் 14416 இருக்கு. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். விபூதி வெச்சுக்கிட்டே மாத்திரையும் சாப்பிடலாம். வைத்தீஸ்வரன் கோயில்ல முருகன் செல்வமுத்துக்குமாரசுவாமியா, வைத்தியநாதரோட பிள்ளையா நிக்கிறார். வைத்தியன் வீட்டுப் பிள்ளை வைத்தியம் வேண்டாம்னு சொல்வாரா?

இன்னைக்குச் சாயந்திரமே ஆரம்பிக்கலாம். வேலை முடிஞ்சதும் லேப்டாப்பை மூடி, நாளைக்கான ஒரு வரியை எழுதி வெச்சு, கை கால் கழுவிட்டுப் பத்து நிமிஷம் உக்காருங்க. அப்புறம் அடுக்களைக்குப் போய் அம்மாவோ, அப்பாவோ, கட்டினவங்களோ, ரூம்மேட்டோ யார் இருக்காங்களோ அவங்ககிட்ட "இன்னைக்கு என்ன நடந்துச்சு?"ன்னு கேளுங்க. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் போனை எடுக்காதீங்க. சுவாமிமலையில பிள்ளை சொல்லச் சொல்ல அப்பனே சீடனா இருந்து கேட்டார் இல்லையா, அந்த மாதிரி.

டிசம்பர் 31 படித் திருவிழாவுக்குப் போறவங்க ரயில்ல போனா நல்லது, மலைப்பாதையில அன்னைக்கு வண்டிக் கூட்டம் ஜாஸ்தி. முட்டி வலி இருக்கிறவங்க மெதுவா ஏறுங்க, தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க.

வேலும் மயிலும் துணை!
தணிகைவேல் முருகனுக்கு அரோகரா!